உலாவும் பயனர் விவரம்

உலாவும் பயனர் விவரம் அல்லது ரோமிங் புரொஃபைல் என்பது, மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில், ஒரு பயனரின் அமைப்புகளையும் கோப்புகளையும் வலையமைப்பிலுள்ள வழங்கி ஒன்றில் சேமித்து வைக்கும் முறையாகும். நிறுவனத்தின் எந்தக் கணினியில் புகுபதிகை செய்தாலும் பயனருக்குத் தனது மேசைத்தளமும் கோப்புகளும் கிடைக்கச் செய்வதே இதன் நோக்கம். ஒரே கட்டிடத்துக்குள் நன்கு பயன்படும் இம்முறை, ஊழியர்கள் தொலைவிலுள்ள கிளை அலுவலகங்களுக்கு இடம்மாறும்போது சிக்கல்களைத் தோற்றுவிக்கின்றது.

செயற்படும் முறை

பயனர் புகுபதிகை செய்யும்போது அவரது விவரம் வழங்கியிலிருந்து கணினிக்குப் படியெடுக்கப்படுகின்றது. விடுபதிகை செய்யும்போது மாற்றங்கள் வழங்கிக்குத் திரும்பச் செல்கின்றன. விண்டோஸ் 2000 முதல் இவ்விரு படிகளும் கோப்பு கோப்பாக ஒப்பிடப்பட்டு இணைக்கப்படுகின்றன. எனினும் பயனருடன் உலாவும் பதிவகத் தரவு என்.டி.யூசர்.டாட் என்னும் ஒரே கோப்பில் உள்ளது. ஆகவே ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் பணிபுரிந்தால், இறுதியாக விடுபதிகை செய்த கணினியின் அமைப்புகளே எஞ்சும்.

விண்டோஸ் விஸ்டாவில் பயன்பாட்டுத் தரவு, உலாவும் பகுதி எனவும் கணினியிலேயே தங்கும் பகுதி எனவும் பிரிக்கப்பட்டது. இதன் விவர அமைப்பு விண்டோஸ் எக்ஸ்பியின் அமைப்புடன் ஒத்துப்போகாததால், வழங்கியில் கோப்புறையின் பெயருக்குப் பின் .வி2 என்னும் ஒட்டு சேர்க்கப்படுகின்றது.

தொலைவினால் எழும் சிக்கல்

விவரம் இருக்கும் வழங்கியின் முகவரி, ஆக்டிவ் டைரக்டரியில் பயனரின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஊழியர் வேறு அலுவலகத்துக்குச் சென்றாலும் இம்முகவரி தானாக மாறுவதில்லை. எடுத்துக்காட்டாக, 2 கிகாபைட்டு அளவுள்ள விவரத்தை நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள உள்ளக வலையமைப்பில் படியெடுக்கக் கணக்கின்படி 160 நொடிகள் போதும். அலுவலகங்களை இணைக்கும் இணைப்பின் வேகம் 2 மெகாபிட்டாக இருப்பின், அதே வேலைக்கு 8000 நொடிகள், அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தேவைப்படும்.

கோப்புறைத் திசைமாற்றம்

விண்டோஸ் 2000 உடன் அறிமுகமான கோப்புறைத் திசைமாற்றம் இச்சுமையைக் குறைக்கின்றது. ஆவணங்கள் போன்ற கோப்புறைகள் வழங்கியிலேயே இருக்க, பயனர் திறக்கும் கோப்பு மட்டுமே வலையமைப்பு வழியாக வருகின்றது. இதனால் படியெடுக்கவேண்டிய விவரம் சிறிதாகின்றது. இணைப்பறு கோப்புகள் என்னும் வசதி, இவற்றின் படியொன்றைக் கணினியில் வைத்திருந்து பின்னர் வழங்கியுடன் ஒத்திசைக்கின்றது.

பெயரையும் இடத்தையும் பிரித்தல்

முகவரியில் வழங்கியின் பெயர் நேரடியாக இடம்பெற்றால், கோப்புகளை வேறு வழங்கிக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் முகவரியையும் மாற்றவேண்டும். பரவல் கோப்பு முறைமையின் பெயர்வெளி, அதாவது டி.எஃப்.எஸ்., இதற்குத் தீர்வாகின்றது. இதில் பயனருக்கு நிறுவனத்தின் பெயரில் தொடங்கும் நிலையான முகவரி ஒன்று வழங்கப்படும். அது சுட்டும் வழங்கியை மட்டும் நிர்வாகி மாற்றினால் போதும். ஒவ்வொரு பயனருக்கும் தனிச்சுட்டு இருந்தால்தான் ஒருவரின் கோப்புகளை மட்டும் தனியாக இடம்மாற்ற இயலும்.

இரண்டு அலுவலகங்களிலும் படிகளை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2 முதல் உள்ள டி.எஃப்.எஸ். நகலாக்கம், ஒரு வழங்கியில் திறந்துள்ள கோப்பை மற்ற வழங்கியில் பூட்டுவதில்லை. ஒரே கோப்பு இரண்டு இடங்களிலும் மாற்றப்பட்டால் பிந்திய மாற்றமே நிலைக்கும். மற்றது மறைவான கோப்புறை ஒன்றுக்குத் தள்ளப்படும். ஆகவே பயனர் தரவுக்கு இவ்வமைப்பை மைக்ரோசாப்ட் ஆதரிப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரு படி மட்டுமே பயன்பாட்டில் இருத்தல் வேண்டும்.

இடமாற்ற நடைமுறை

ஊழியர் ஒருவரின் கோப்புகளை நிலையாக இடம்மாற்றும்போது பொதுவாகப் பின்வரும் ஒழுங்கு பின்பற்றப்படும்:

1. அனுமதிகளையும் சேர்த்துப் படியெடுக்கும் ரோபோகாப்பி போன்ற கருவியால், பணி நேரத்துக்கு வெளியே முதற்படி எடுக்கப்படும்.
2. பயனர் இணைப்பறு கோப்புகளை ஒத்திசைத்து, எல்லாக் கணினிகளிலும் விடுபதிகை செய்வார்.
3. இடையில் மாறிய கோப்புகள் மட்டும் மீண்டும் படியெடுக்கப்படும்.
4. பெயர்வெளியின் சுட்டு புதிய வழங்கிக்கு மாற்றப்படும்.
5. புதிய இடத்தில் கோப்புகள் சரிபார்க்கப்படும். பழைய படி சிறிது காலம் வாசிப்புக்கு மட்டும் வைக்கப்படும்.

இவற்றுள் இரண்டாவது படிநிலை முக்கியமானது. ஒத்திசைக்கப்படாத மாற்றங்கள் பழைய அலுவலகத்தின் கணினியில் மட்டுமே இருக்கும். அக்கணினியின் வன்தட்டை அழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், வழங்கியிலோ அதன் காப்புப்படியிலோ அவற்றை மீட்க முடியாது.

பிற்கால வளர்ச்சி

விண்டோஸ் சர்வர் 2012, பயனருக்கெனக் குறிக்கப்பட்ட முதன்மைக் கணினிகளில் மட்டும் விவரத்தை இறக்கும் வசதியை அளித்தது. 2018 இல் மைக்ரோசாப்ட் வாங்கிய எஃப்.எஸ்.லாஜிக்ஸ், விவரம் முழுவதையும் ஒரு மெய்நிகர் வட்டில் வைத்துப் புகுபதிகையின்போது இணைக்கின்றது. ஆவணக் கோப்புறைகளை ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பில் வைக்கும் முறையும் உள்ளது.

இவற்றையும் பார்க்க

* கோப்பு வழங்கி
* ஆக்டிவ் டைரக்டரி
* மேகக் கணிமை