உலகம் அழியுமா? சாத்தம் தீவில் இருந்து ஒரு கணக்கு

ஊரில் இருந்து போன் வந்தாலே இப்போதெல்லாம் ஒரே கேள்விதான். "அந்தமான்ல மறுபடி நிலநடுக்கமாமே, உலகமே அழியப்போகுதுங்கறாங்க, மாற்றல் வாங்கிட்டு வந்துடேன்ப்பா?" துபாய், சிங்கப்பூர் சொந்தங்களுக்கும் இதே பயம்தான். காரணம்தான் வேறு: போர், தொற்றுநோய், பேங்க் திவால்.

நான் பி.காம் படித்தபோது ஒய்2கே வந்து எல்லாம் படுத்துவிடும் என்றார்கள். 2012ல் மாயன் காலண்டர். இரண்டுக்கும் மறுநாள் பால்காரர் வழக்கம்போல வந்தார். அதற்காகக் கவலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

போர்ட் பிளேரில் (2024ல் இருந்து ஸ்ரீ விஜயபுரம்) ஒரு பாலத்தைத் தாண்டினால் சாத்தம். 1883ல் தொடங்கிய மர ஆலை இருக்கும் குட்டித்தீவு. இங்கே 'எல்லாம் முடிந்தது' என்பது பல தடவை நடந்திருக்கிறது.

1789ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் இங்கேதான் முதல் குடியிருப்பைப் போட்டார். 1792ல் அதை அந்தமானின் வடக்கே மாற்றினார்கள். அங்கே நோய் வாட்டியது. 1796ல் மூட்டை கட்டிவிட்டார்கள்.

1858ல் கைதிகளோடு திரும்பி வந்தார்கள். வந்தவர்களுக்கு அது தொடக்கம். ஏற்கெனவே இருந்த கிரேட் அந்தமானியருக்கு? அப்போது சில ஆயிரம் பேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1877ல் தட்டம்மை, அதோடு வேறு நோய்கள். 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961ல் 19. நம் யாருக்கும் தெரியாமலே ஒரு உலகம் அழிந்திருக்கிறது.

1942ல் ஜப்பானியர் வந்தார்கள். அப்போது விழுந்த குண்டின் பள்ளம் ஆலைக்குள் இன்றும் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் போட்டோ எடுப்பது அதைத்தான். ஆனால் மக்களை வதைத்தது பசி. நேச நாட்டுக் கப்பற்படை கடல்வழியை அடைக்க, உணவு வரத்து நின்றது. 1945 ஆகஸ்டில், சோற்றுக்குப் பாரம் என்று நூற்றுக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றி ஹேவ்லாக் தீவுப் பக்கம் கடலில் தள்ளினார்கள். அரிசி குறைந்ததும் முதலில் யாரைக் கணக்கில் இருந்து கழித்தார்கள் பாருங்கள்!

2004 டிசம்பர் 26 உங்களுக்கே தெரியும். போர்ட் பிளேர் நிலம் சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட் வயல்களில் கடல் புகுந்தது. நிகோபாரில்தான் பெரிய சாவு. ஆனால் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் இருந்த ஓங்கே மக்கள் மேட்டுக்குப் போய்ப் பிழைத்தார்கள். சைரன் கிடையாது, டிவி கிடையாது. பூமி ஆடினால் என்ன செய்யணும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பேங்கில் வாராக்கடனுக்கு ஒதுக்கீடு வைப்போம். எல்லாக் கடனும் மூழ்கும் என்று நினைத்தால் பேங்க் நடத்த முடியாது. ஒன்றுமே மூழ்காது என்றால் ஆடிட்டர் விடமாட்டார். உலக அழிவுக்கும் என் கணக்கு இதேதான். வானம் இடிந்து விழுவதை நினைத்துத் தூக்கம் கெடுக்க வேண்டாம். அரிசி நின்றால் என்ன செய்வோம், நம்மில் யார் விடுபட்டுப் போவார்கள் என்று யோசித்து வைத்தால் போதும்.

எங்கள் வீட்டில் 15 நாள் அரிசி, பருப்பு, குடிதண்ணீர், டார்ச், பத்திர நகல்கள் தயார். தரை ரொம்ப நேரம் ஆடினால் யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடணும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். எதிர்வீட்டில் தனியாக இருக்கும் வங்காளிப் பாட்டியை யார் கைபிடித்துக் கூட்டிப்போவது என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வாரம் சென்னைக் கப்பல் வருகிறது. இங்கே எங்களுக்கு இப்போதைக்குப் பெரிய கவலை வெங்காய விலைதான்!