இயக்குநர் நாற்காலிக்கு யார் யார் வந்தார்கள்?

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கெழுதிக்கொண்டே பி.காம். படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, கம்பெனி இயக்குநராக ஆவதற்குப் பெண்களுக்கென்று தனிப் பயிற்சி நடத்துகிறார்களாமே, நாமும் சேரலாமா?"

சேரலாம். அதற்குமுன், அந்த நாற்காலிக்குப் பெண்கள் வந்த கதையைத் தெரிந்துகொள்வோம்.

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 149ஆம் பிரிவு. செபி வைத்த கெடு 2014 அக்டோபர் 1. பிறகு 2015 ஏப்ரல் 1க்குத் தள்ளிப்போனது. முதலாளிகள் பலர் மனைவியையும் மகளையும் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நீதா அம்பானி ரிலையன்ஸ் குழுவுக்குள் வந்தது 2014 ஜூனில். சொந்தக்காரர் அல்லாத, சுயேச்சையான பெண் இயக்குநர் வேண்டும் என்ற விதி பெரிய 500 நிறுவனங்களுக்கு 2019இலும், 1000 நிறுவனங்களுக்கு 2020இலும்தான் வந்தது.

சொந்தம் இருந்தாலும் எல்லாப் பெண்களுக்கும் கதவு திறக்கவில்லை. முருகப்பா குடும்பத்து வள்ளி அருணாசலம் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தந்தை இறந்தபின் குடும்பத்தின் அம்பாடி நிறுவனக் குழுவில் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் பங்குதாரர் வாக்குகளில் 91 விழுக்காட்டுக்கு மேல் அவருக்கு எதிராக விழுந்தன. பட்டம் போதவில்லை என்று அவரிடம் யாராவது சொல்ல முடியுமா?

அவருக்கே இந்த நிலை என்றால் நாம் எங்கே? அஜித், டோங்கர், சக்சேனா மூவரும் 1000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர்களைச் சாதிவாரியாக எண்ணி 2012இல் வெளியிட்டார்கள். முற்பட்ட சாதியினர் சுமார் 93 விழுக்காடு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5. சாதியின் உயிர் அகமணம் என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதினார். சம்பந்தி வழியில் நாற்காலி கைமாறும் இடத்தில் அது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. 149ஆம் பிரிவு பெண்ணை எண்ணியது, சாதியை எண்ணவில்லை. தலித் தொழிலதிபர் கல்பனா சரோஜ் பாரதிய மகிளா வங்கியின் குழுவுக்கு வந்தார் என்றால், அது அரசு தொடங்கிய வங்கி, அரசு செய்த நியமனம்.

சாதியை எண்ணவே முடியாது என்பதில்லை. 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுக்களில் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடமும் பெண்களுக்கு இரண்டு இடமும் ஒதுக்கியது. மாநிலங்களின் ஒப்புதல் பெறாததால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒதுக்கீடு தவறு என்று சொல்லி அல்ல. தனியார் நிறுவனச் சட்டத்திலோ அப்படி ஒரு வரிகூட இல்லை.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். சுயேச்சை இயக்குநர்களுக்கு 2019 டிசம்பர் முதல் அரசின் தரவுத்தளமும் இணையவழித் தேர்வும் இருக்கின்றன. நிறுவனச் சட்டம், பங்குச்சந்தைச் சட்டம், அடிப்படைக் கணக்கியல்: பாதி உன் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தேர்ச்சி மதிப்பெண்ணை 60இலிருந்து 50ஆகக் குறைத்துவிட்டார்கள். எழுது, ஜெயிப்பாய். பெயரைத் தேர்ந்தெடுப்பது மட்டும் அவர்கள் கையில். அதனால் 149ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிட்டு வா, அடுத்த ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் அதைத்தான் எடுக்கப்போகிறோம்.