போத்தலில் அடைத்த நெருப்பு

ஆயுதங்களுக்குப் பெயர் சூட்டுவோர் பெரும்பாலும் அவற்றைச் செய்தவர்களே. ‘மொலட்டோவ் கொக்டெயில்’ எனும் பெற்றோற் போத்தலோ பகைவனின் பெயரைத் தாங்கிற்று. 1939 நவெம்பர் 30இல் சோவியத் படைகள் பின்லாந்தினுட் புகுந்தன. விமானங்கள் வீசுவது குண்டன்று, உணவே என்று வெளிநாட்டமைச்சர் மொலட்டோவ் கூறியதாகச் சொல்லிப் பின்லாந்து மக்கள் எள்ளினர். கொத்துக் குண்டுக்கு ‘மொலட்டோவின் பாண்கூடை’ என்று பெயரிட்டனர். பாணுக்கேற்ற பானமும் வேண்டுமன்றோ? அரசின் மதுபான நிறுவனம் தன் ஆலையில் 450,000க்கு மேற்பட்ட போத்தல்களை நிரப்பிக் கொடுத்தது.

பெயர் அங்கே பிறந்ததாயினும் ஆயுதம் அதற்கு மூத்தது. நம்மிற் பலர் இதனை ஒடுக்கப்பட்டோரின் ஆயுதமென்றே எண்ணிப் பழகியுள்ளோம். ஸ்பானிய உள்நாட்டுப் போர் அவ்வெண்ணத்துக்கு இடந்தரவில்லை. 1936 ஒக்டோபர் 29இல், மட்ரிட்டுக்குத் தெற்கே செசெஞா எனும் ஊரில், குடியரசின் பக்கம் நின்ற சோவியத் தாங்கிகள்மீது எரியும் போத்தல்களை வீசியோர் பாசிசத் தளபதி பிராங்கோவின் படையினரே. காலாட்படை பின்தங்கிவிட, தாங்கிகள் தனித்து ஒடுங்கிய தெருக்களுட் புகுந்தமை அதற்கு வாய்ப்பளித்தது. தாங்கியினுள் இருப்பவனுக்குப் பார்வை மிகக் குறைவு. சுவரோரம் பதுங்கியிருப்பவனை அவன் காணான். துணைவரும் காலாள் இல்லையேல் உருக்குக் கோட்டையும் குருட்டுக் கோட்டையே.

ஹராமாப் போரில் பிரித்தானியத் தொண்டர் பட்டாளத்தை நடத்திய டொம் வின்ற்றிங்ஹாம் அப்பாடத்தைத் தாயகம் கொண்டு சென்றார். ஜேர்மன் படையெடுப்பு அஞ்சப்பட்ட 1940 கோடையில், இலண்டனுக்கு அருகே ஒஸ்ரர்லிப் பூங்காவில் உள்நாட்டுக் காவற்படையினருக்குப் போர்முறை கற்பித்தார். 1938இலேயே பொதுவுடைமைக் கட்சியினின்று நீக்கப்பட்டவர் அவர். எனினும் மேலிடம் அவரை நம்பவில்லை. சில மாதங்களில் யுத்த அமைச்சு அப்பள்ளியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

1941இல் ஹிட்லரின் படை நுழைந்தபோது, மொலட்டோவின் நாடே இப்போத்தல்களைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யலாயிற்று. 1942 ஒக்டோபர் 2இல், ஸ்டாலின்கிராட்டில், மிக்கைல் பனிக்காக்கா எனும் கடற்படை வீரன் ஓங்கிய போத்தலைத் துப்பாக்கிக் குண்டொன்று உடைத்தது. தீப்பற்றிய உடலோடு அவன் தாங்கிமேற் பாய்ந்து, மற்றப் போத்தலை அதன்மீது உடைத்து மடிந்தான். ‘சோவியத் ஒன்றியத்தின் வீரன்’ என்ற பட்டம் அவனுக்கு 1990இலேதான் கிடைத்தது.

1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ எனும் கற்பனைப் பாத்திர விளையாட்டிலும் இந்நெருப்பு உண்டு. மந்திரமோ மாயவாளோ வாய்க்காத புதியவன் எண்ணெய்க் குடுவையைக் கொளுத்தி எறிவான். பகடை உருளும், அரக்கன் எரிவான். எளியோன் வலியோனை வீழ்த்தும் மகிழ்ச்சி அதிலுண்டு. அதனை நான் பழிக்கேன். ஆயினும் வெந்த கையின் வேதனை அங்கே எவருக்கும் இல்லை. எதிரே நிற்பதும் அரக்கனே. கட்டளைக்குப் பணிந்து வந்த ஏழை வீட்டுப் பிள்ளையல்லன்.

1956இல் புடாபெஸ்ற் நகரிலோ இருபுறமும் அத்தகைய பிள்ளைகளே நின்றனர். கோர்வின் திரையரங்கைச் சூழ்ந்த சந்துகளில் இளந்தொழிலாளரும் மாணவரும் சோவியத் தாங்கிகள்மீது போத்தல்களை வீசினர். தொழிலாளர் அரசெனத் தன்னை அழைத்துக்கொண்ட அரசின் தாங்கிகளைத் தொழிலாளரே எரித்தனர். ‘எதிர்ப்புரட்சி’ எனும் ஒரே சொல்லால் அதனை மூடிவிட உலகெங்கும் பல தோழர்கள் முயன்றனர். ஆயினும் இறுதிவரை பணியாது நின்றது சீமான்களின் குடியிருப்பன்று. ஆலைகள் நிறைந்த சேப்பல் பகுதியே நவெம்பர் 11 வரை எதிர்த்து நின்றது.