கவனக்குறைவா காரணம்? - 526 மரணங்களின் கதை

வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கு அடிபட்டால் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? "கொஞ்சம் பார்த்து வேலை செய்திருக்கலாமே!" இது சரிதானா என்று நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு பெண் ஆராய்ந்து பார்த்திருக்கிறார். அவர் பெயர் கிரிஸ்டல் ஈஸ்ட்மன்.

1907-ல் அமெரிக்காவின் இரும்பு நகரமான பிட்ஸ்பர்க்குக்கு அவர் வந்தபோது வயது 26. சட்டம் படித்தவர். விபத்துகளில் நூற்றுக்கு 95 தொழிலாளியின் கவனக்குறைவால்தான் என்று ஆலை அதிகாரிகள் அடித்துச் சொன்னார்கள். அவர் அதை அப்படியே நம்பவில்லை. பிரேத விசாரணைப் பதிவேடுகளைப் புரட்டினார். இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனார். கூட வேலை பார்த்தவர்களிடம் பேசினார்.

1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை, ஒரே மாவட்டத்தில் 526 பேர் வேலையின்போது இறந்திருந்தார்கள்! இரும்பாலைகளில் 195, ரயில்வேயில் 125, சுரங்கங்களில் 71, மற்ற வேலைகளில் 135. கவனக்குறைவு என்று எழுதப்பட்ட பல சம்பவங்களுக்குப் பின்னால் நீண்ட வேலை நேரம், இரைச்சல், வெப்பம், அவசரம் எல்லாம் இருந்தன. இறந்தவர்களில் மணமானவர்களின் குடும்பங்களில் பாதிக்கும் மேல் பெற்ற தொகை 100 டாலர் அல்லது அதற்கும் குறைவு. சில குடும்பங்களுக்கு ஒன்றுமே இல்லை.

1910-ல் இது புத்தகமாக வந்தது. அதே வருடம் நியூயார்க் மாநிலம் நஷ்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 1911 மார்ச் 24 அன்று நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறுநாளே நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். 1913-ல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்திய பிறகுதான் வழி பிறந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1931-ல் இன்சூரன்ஸ் நிறுவன அதிகாரி ஹெய்ன்ரிச், 75,000 விபத்துகளைப் பார்த்து, 88 சதவீதம் தொழிலாளியின் தவறான செயலால்தான் என்று எழுதினார். அவர் பார்த்தது இன்சூரன்ஸ் கோப்புகளையும் ஆலை முதலாளிகளின் பதிவுகளையும். ஈஸ்ட்மன் பார்த்தது வீடுகளையும். யாரிடம் கேட்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் பதில்!

வணிகவியல் மாணவனாக எனக்குப் படுவது இதுதான். நஷ்டஈடு கொடுக்காதவரை, போன உயிர் எந்தக் கணக்கிலும் வராது. செலவுக் கணக்கில் ஏறிய பிறகுதான் இயந்திரத்துக்குத் தடுப்பு போடுவது மலிவாகத் தெரிகிறது.

அடுத்த முறை "கவனக்குறைவு" என்று செய்தியில் படித்தால், அதை எழுதிக் கொடுத்தது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.