ஸ்ரீகாந்த் 116

நண்பர் அந்த அட்டையைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொன்னார். ஸ்கேலை எடுத்து நீளம், அகலம் இரண்டையும் அளந்தார். பிறகு மேசை விளக்கைத் தாழ இழுத்து, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி சாய்த்தார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. திருச்சி தில்லைநகரில் தபால்தலையும் நாணயமும் சேர்ப்பவர். பழைய காகிதம் எது வந்தாலும் அவருக்கு ஒரு டாக்டர் முகம் வந்துவிடும்.

“நாலு பக்கமும் வெட்டியிருக்கு. யார் வெட்டினது?”

“சித்தப்பா” என்றேன்.

அது ஒரு கிரிக்கெட் டிரம்ப் கார்டு. முன்பக்கம் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தின் படம், கீழே டெஸ்ட், ரன், அதிகபட்ச ரன், விக்கெட், கேட்ச் என்று வரிசையாக எண்கள். கட்டில் 32 அட்டைகள். ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டு, ஒருவன் “அதிகபட்சம்” என்பான், யாரிடம் பெரிய எண்ணோ அவனுக்கு இரண்டு அட்டையும் போகும். எங்கள் தலைமுறைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அட்டையில் அச்சகத்தின் பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. ஆனாலும் பிறந்த தேதியை ஏறக்குறையச் சொல்லிவிடலாம், அதிகபட்ச ரன் 116 என்று இருப்பதால். ஸ்ரீகாந்தின் முதல் டெஸ்ட் சதமான அந்த 116, 1986 ஜனவரியில் சிட்னியில் அடித்தது. 1987 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 123 அடித்துவிட்டார். ஆக இந்த அட்டை அந்தப் பதின்மூன்று மாத இடைவெளியில் அச்சானது. பழைய விளையாட்டு அட்டைகளை மதிப்பிடுகிறவர்கள் எங்கும் செய்கிற வேலைதான் இது. ஆட்டக்காரரின் கணக்கை எடுத்து அட்டையின் ஜாதகத்தைக் கணிப்பார்கள்.

என் கைக்கு வந்தது ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கத்துப் பெட்டிக்கடையில். ராஜகோபுரத்துக்கு அப்போது சாரம் கட்டியிருந்தது. கும்பாபிஷேகம் 1987 மார்ச் 25-ல்தான் நடந்தது. கோபுரம் 236 அடி என்று ஊரில் சொல்வார்கள். கட்டில் கவாஸ்கர் அட்டையின் அதிகபட்சமும் 236, 1983 டிசம்பரில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் அடித்தது. பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டிய 30-வது சதம் அது. கவாஸ்கரைக் கையில் வைத்திருப்பவனை நாங்கள் “கோபுரம் வச்சிருக்கான்டா” என்போம். பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை.

லென்ஸ் இப்போது 116-ன் மேல் நின்றது. “இங்க மட்டும் பளபளப்பு போயிருக்கு. ரப்பர் போட்டுத் தேய்ச்சிருக்கீங்க.”

தேய்த்தது நான்தான். சேப்பாக்கத்தில் 123 அடித்த மறுவாரம், பென்சிலால் 116-ஐ 123 ஆக்கினேன். நியாயமான திருத்தம் என்றுதான் நினைத்தேன். தெருவில் ஒப்புக்கொள்ளவில்லை. “அட்டையில என்ன இருக்கோ அதுதான்டா கணக்கு” என்று அழிக்க வைத்தார்கள். நேர் வெளிச்சத்தில் அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் வழுக்கை விழுந்த மாதிரித் தெரிகிறது. மடிப்பு, கீறல், அழித்த தடம் எல்லாம் அந்தக் கோணத்தில்தான் மாட்டும்.

அட்டையின் தரம் பார்ப்பவர்கள் நாலு இடம் பார்ப்பார்கள்: மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பது. அமெரிக்காவில் 1991-ல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் இதற்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அட்டையை அடைத்துத் தருகிறது. எங்கள் தெருவில் பத்து படிகள் கிடையாது. செல்லும், செல்லாது, அவ்வளவுதான். முன்பக்கம் எப்படிக் கிழிந்திருந்தாலும் கவலையில்லை. பின்பக்கத்தைப் பார்த்து இன்ன அட்டை என்று கண்டுபிடிக்க முடிந்தால் அது ‘அடையாளக் கார்டு’, செல்லாது. சேகரிப்பவருக்கு மூலை மழுங்கினால் விலை போச்சு. எங்களுக்கோ மற்ற 31 அட்டையும் அதேபோல் மழுங்கியிருந்தால் ஒரு குறையுமில்லை. ஒரு மூலை மட்டும் மடங்குவதுதான் ஆபத்து. இரண்டில் எங்கள் சட்டமே கறாரானது என்பது இன்றும் என் கட்சி.

அந்தச் சட்டத்தைக் காப்பாற்றத்தான் சித்தப்பா வெட்டினார். 1987 கோடை லீவுக்குள் கட்டு நைந்துவிட்டது. கவாஸ்கரின் மூலை கிழிந்து எல்லாருக்கும் அடையாளம் தெரிந்தது. சித்தப்பாவுக்குத் திருச்சியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. 32 அட்டையையும் தட்டி அடுக்கி, கட்டிங் மெஷினில் வைத்து, நாலு பக்கமும் ஒரே இழுப்பாக இழுத்தார். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போயிருக்கும். எல்லா அட்டையும் ஒரே அளவு, ஒரே கூர். ஆட்டம் மறுபடி சுத்தமானது.

நண்பர் தலையை ஆட்டினார். “முகம் கிழவன் முகம், விளிம்பு நேத்துப் பொறந்த விளிம்பு. அதான் காட்டிக்கொடுக்குது.”

இதே குற்றம் செய்த அட்டை ஒன்று உலகப் புகழோடு இருக்கிறது. 1909-க்கும் 1911-க்கும் இடையில் அமெரிக்க சிகரெட் பெட்டிகளோடு வந்த டி206 வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் அட்டை. வாக்னர் சம்மதிக்காததால் அச்சடிப்பை நிறுத்தினார்கள் என்பார்கள். தப்பிய பிரதிகள் மிகக் குறைவு. அதில் ஒன்றை 1985-ல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார். 1991-ல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளியும் அதை ஏலத்தில் 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. மதிப்பெண் போட்ட முதல் அட்டையே அதுதான், 8 கொடுத்தார்கள். நடுவில் ஒரு பரிசுக் குலுக்கலில் ஃபுளோரிடாவின் தபால் ஊழியர் ஒருவருக்குக் கிடைத்து, அவர் விற்று, கை மாறி மாறி 2007-ல் 28 லட்சம் டாலருக்குப் போனது. அப்புறம் 2013-ல், வேறு மோசடி வழக்கில் சிக்கிய மாஸ்ட்ரோ, அந்த அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டியதாக ஒப்புக்கொண்டார். 20 மாதச் சிறை கிடைத்தது. வெட்டிய அட்டைக்கு மதிப்பெண்ணே கொடுக்கக்கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் விதி. இதைவிட வேடிக்கை, 2022-ல் வெறும் 2 மதிப்பெண் வாங்கிய இன்னொரு வாக்னர் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. கசங்கியது, மழுங்கியது, ஆனால் யாரும் கத்தி வைக்காதது.

மாஸ்ட்ரோ வெட்டியது ஒரே அட்டையை, அதை மற்றவற்றிலிருந்து உயர்த்திக் காட்ட. சித்தப்பா வெட்டியது 32 அட்டையை, ஒன்றிலிருந்து ஒன்று தெரியாமல் போக. லென்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“இந்த மூலையில என்ன?” என்றார் நண்பர்.

அது முக்கொம்பு. 1988 ஆடிப் பதினெட்டு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம் என்பதெல்லாம் பெரியவர்களுக்கு. எங்களுக்கு மேலணைப் பூங்காவின் மரநிழல்தான் முக்கியம். பெண்கள் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்ததும் கட்டுச்சோறு பிரித்தார்கள். நான் இலையையும் விடவில்லை, ஆட்டத்தையும் விடவில்லை. புளியோதரை எண்ணெயோடு விரல் பட்டது ஸ்ரீகாந்தின் இடது கீழ்மூலையில். ஐந்து நிமிடத்தில் எண்ணெய் பின்பக்கம் ஊறி, காசளவு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முகப்பவுடர் தேய்த்தும் போகவில்லை. அத்தை பையன் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான்: செல்லாது.

கட்டிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட ஸ்ரீகாந்த், கோனார் தமிழ் உரைக்குள் பக்க அடையாளமாகப் போனார். மற்ற 31 பேரும் தொடர்ந்து விளையாடி, நைந்து, ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கவாஸ்கர் கடைசியாக ஒரு கேரம் போர்டின் காலுக்கு முட்டுக்கொடுத்ததைப் பார்த்தேன்.

பரணில் இருந்து அந்தப் புத்தகம் இறங்கியது 2018-ல். அந்த ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைய ஆரம்பித்து, மொத்தம் 9 மதகுகள் வெள்ளத்தோடு போயின. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய அணை. ஊர் முழுக்க அணையின் ஆயுளைப் பற்றியே பேச்சாக இருந்த வாரத்தில், நான் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். உரையை ராமபாணப் பூச்சி துளைத்திருந்தது. அட்டைக்கு முந்தின பக்கத்தில் ஓர் ஊசித்துளை, அட்டையில் அதே நேருக்கு இன்னொன்று, அடுத்த பக்கத்தில் இன்னொன்று. பின்பக்கத்தில் எதிர்ப்பக்கத்து மை லேசாக இறங்கியிருந்தது. கண்ணாடியில் காட்டினால் ஒரு பதவுரை வரியைப் படிக்கலாம்.

நண்பர் லென்ஸை இறக்கிவைத்தார். உறை ஒன்றை எடுத்து, அதன்மேல் பென்சிலால் எழுதினார்: உண்மையானது. வெட்டப்பட்டது. அழித்த தடம். பூச்சித்துளை ஒன்று. மை ஒட்டல். எண்ணெய்க் கறை. மதிப்பெண் இல்லை.

அட்டையை உள்ளே செருகப் போனவர், நிறுத்தி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதில் என்ன வாசனை இருக்கப்போகிறது.

“புளியோதரைன்னு சொன்னீங்களே. கோயில் பிரசாதமா, வீட்ல பண்ணதா?”

“வீட்ல பண்ணதுதான்.”

“அப்ப அதுக்கும் குறைக்கணும்” என்று சொல்லி, உறையை ஒட்டினார்.