முதுமையுற்ற இரும்பு

அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லாத மின்மாற்றியில் தேய்வதற்கு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றக்கூடியதே; ஆயினும், 1885-இல் புடாபெஸ்ட் நகரத்துக் கான்ஸ் தொழிற்சாலையில் ஜிப்பர்னாவ்ஸ்கி, பிளாத்தி, டேரி என்னும் மூவரும் மூடிய இரும்பு வளையத்தோடு அதனை உருவாக்கிப் பத்தாண்டு நிறைவதற்கு முன்பே, லண்டன் மின்சார விநியோகத்தில் ஈடுபட்டிருந்த பார்ட்ரிட்ஜ் என்னும் பொறியாளர், மின்மாற்றியின் இரும்பு நாளடைவில் முதுமையுற்று முன்னிலும் அதிகமான சக்தியை விழுங்குகிறதென்பதை 1894-இல் வெளியிட்டார்.

செம்புச் சுருளில் நேரும் விரயம் விளக்கு எரியும் நேரத்தோடு ஏறித் தாழும். இரும்பில் நேரும் விரயமோ, ஊரெல்லாம் விளக்கணைத்து உறங்கும் வேளையிலும் ஓயாதது. மின்னோட்டம் திசை மாறுந்தோறும் இரும்பின் காந்த குணம் சிறிது பின்தங்கியே மாறுவதாலும், தகடுகளுக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்கள் எழுவதாலும், அந்தச் சக்தி உஷ்ணமாகக் கழிகிறது. விளக்குக்கு மட்டுமே மின்சாரம் வேண்டப்பட்ட அக்காலத்தில், சில மணி நேர உபயோகத்திற்காக நாள் முழுவதும் இந்த வரியைச் செலுத்த வேண்டியிருந்தது. அதை அளப்பதும் கடினமன்று: ஒரு சுருளைத் திறந்து வைத்து, மறு சுருளுக்கு உரிய மின்னழுத்தத்தைக் கொடுத்து, வாட்மீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொண்டால் போதும். வாங்கிய அன்று ஒருமுறை அளந்துவிட்டால், அவ்வளவுதான் என்று இருந்துவிடுவது மனித சுபாவம். மீண்டும் அளந்து பார்த்தவர்களால்தான் இரும்பு முதுமையுறும் விஷயம் வெளிப்பட்டது என்பதை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

ஓயாத காந்த மாற்றத்தால் இரும்பு களைப்படைகிறதோ என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. மோர்டி என்பவர் பரிசோதனைகளை நடத்தி, காரணம் களைப்பன்று, மிதமான உஷ்ணத்தில் இரும்பு நெடுங்காலம் இருப்பதே என்று 1895-இல் ராயல் சங்கத்திற்கு அறிவித்தார். காந்தமே படாமல் வெறுமனே சூடாக்கப்பட்ட இரும்பிலும் அதே கேடு விளைந்தது. 1898-இல் ரோஜெட் என்பவர் பல்வேறு உஷ்ண நிலைகளில் இதனை மேலும் ஆராய்ந்தார். இரும்பில் கரைந்திருக்கும் கரியும் நைட்ரஜனும் மெல்ல நுண்துகள்களாகப் பிரிந்து, காந்த மாற்றத்துக்குத் தடையாக நிற்பதே இதன் மூலகாரணம் என்பது பிற்காலத்தில் தெளிந்த உண்மை.

பரிகாரம் வந்ததோ, மின்மாற்றியைச் செய்தவர்களிடமிருந்து அன்று. ஷெப்பீல்டில் உருக்குக் கலவைகளில் வாழ்நாளைச் செலவிட்ட ராபர்ட் ஹாட்பீல்டும், டப்ளினில் அவற்றின் காந்த குணங்களை அளந்த வில்லியம் பாரெட்டும், பிரவுனும் 1900-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுமார் இரண்டரை விழுக்காடு சிலிக்கன் கலந்த இரும்பு மிகக் குறைந்த விரயத்தையே தருவதைக் காட்டினார்கள். புகழ் பெரும்பாலும் ஹாட்பீல்டையே சேர்ந்தது. அளவிட்ட கரங்களை உலகம் எளிதில் மறந்துவிடுகிறது. சிலிக்கன், மின்தடையை உயர்த்திச் சுழல் மின்னோட்டத்தையும் அடக்கிற்று. முதுமையையும் பெரிதும் தடுத்தது. இவ்விரண்டும் ஒரே மருந்தில் கிடைத்தது தொழிலுக்குப் பெரும் பாக்கியம்.

அதன்பின் தகடு வாங்குவோரும் எச்சரிக்கையாகிவிட்டார்கள். புதுத் தகட்டின் விரயத்தை அளந்து, அதனைச் சென்டிகிரேட் 100 டிகிரி உஷ்ணத்தில் 600 மணி நேரம் வைத்திருந்து, மறுபடியும் அளந்து இரண்டையும் ஒப்பிடும் பரீட்சை வழக்கத்திற்கு வந்தது.