நல்ல இயற்கைக் காட்சிப் படம் எது? - கேப்டன் ட்ரைப் எடுத்த மதுரை

ராஜபாளையம் அருகே உள்ள செட்டியார்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை நீளமாகத் தெரியும். செல்போன் வைத்திருக்கிற பலரும் அதைப் படம் எடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவ்வளவு பெரிய மலை படத்தில் ஒரு சின்னக் கோடு! காரணம் கேமராவா, எடுத்தவரா? இதற்கு விடை மதுரையில், 1858-ம் ஆண்டில் இருக்கிறது.

லின்னேயஸ் ட்ரைப் (1822-1902) கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் கேப்டன். 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றினார்.

அவருடைய நெகட்டிவ் மெழுகு ஏற்றிய காகிதம். பெரிய கேமரா, ரசாயனங்கள், கூடாரம் எல்லாவற்றையும் சுமந்து செல்ல வேண்டும். ஒரு படம் பதிவாகவே நிமிடக் கணக்கில் ஆகும். அதற்குள் நடந்து போகிற ஆள் படத்தில் விழமாட்டார். காற்றில் ஆடும் மரம் கலங்கிப் போகும். அதனால் கண்டதையெல்லாம் எடுக்க முடியாது. எங்கே நிற்பது, வெயில் எந்தப் பக்கம், காற்று எப்போது அடங்கும் என்று முதலிலேயே யோசித்தாக வேண்டும்.

அந்த யோசனை அவர் படங்களில் தெரிகிறது. வைகையை எடுத்தபோது ஆற்றை மட்டும் எடுக்கவில்லை. ஆற்றைக் கடந்து மதுரைக்குப் போகும் பாதையையும் சேர்த்து எடுத்தார். நம் கண் அந்தப் பாதை வழியே ஊருக்குள் போகிறது. யானைமலையைப் பக்கவாட்டில் பார்த்தால் படுத்திருக்கும் யானை. அதன் ஒரு முனையிலிருந்து அவர் எடுத்த படத்திலோ அது செங்குத்தாக எழும் பெரும்பாறை. மலை ஒன்றுதான், நின்ற இடம்தான் வேறு!

இன்னொரு சங்கதி. அன்றைய ரசாயனம் நீல ஒளியை அதிகமாகப் பிடித்ததால் வானம் வெறும் வெள்ளையாக விழும். ட்ரைப் பல நெகட்டிவ்களில் தானே வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார். இது ஏமாற்று வேலையா? இன்று கம்ப்யூட்டரில் வானத்தை மாற்றுகிறவர்களைப் பற்றியும் இதே கேள்விதான் கேட்கிறார்கள். ஆனால் அவர் மலையை நகர்த்தவில்லை, கோபுரத்தை உயர்த்தவில்லை. கேமராவால் பார்க்க முடியாத வானத்துக்குத் தூரிகையை எடுத்தார்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசுக்குப் பண நெருக்கடி. 1859-ல் சென்னை கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன் இந்தப் படவேலையை ஆடம்பரச் செலவு என்று நிறுத்தச் சொன்னார். 1860-ல் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு ட்ரைப் மிகக் குறைவாகவே படம் எடுத்தார்.

வீண்செலவு என்று நினைத்த அந்தப் படங்கள்தான் 1858-ல் மதுரை எப்படி இருந்தது என்று இன்று நமக்குக் காட்டுகின்றன. செட்டியார்பட்டியில் மலையைப் படம் எடுப்பவர் முன்னால் இருக்கும் வயலையும், வரப்பையும், ஊருக்குப் போகும் ரோட்டையும் சேர்த்து எடுக்கலாம். மலையின் உயரமும் அப்போதுதான் தெரியும். மலை அங்கேயேதான் இருக்கும், வயல் இருக்குமா என்று சொல்ல முடியாது.